அகலத் திரையில் பழைய ஆட்டங்கள்

இன்று கடைக்குப் போய் 4:3 விகிதத்தில் ஒரு மானிட்டர் வேண்டுமென்று கேட்டால், விற்பவர் நம்மைச் சற்று விநோதமாகத்தான் பார்ப்பார். அகலம் 16, உயரம் 9 என்ற கணக்கு அவ்வளவு சர்வ சாதாரணமாகிவிட்டது. தொண்ணூறுகளில் தோன்றிய கணினி விளையாட்டுகளோ, பெரும்பாலும் அந்தப் பழைய விகிதத்தையே தங்கள் உலகத்தின் எல்லையாகக் கொண்டு வரையப்பட்டவை. 1920க்கு 1080 பிக்ஸல் கொண்ட சாதாரண 24 அங்குல மானிட்டர் ஒன்றில் அத்தகைய ஆட்டங்கள் சிலவற்றை ஆடிப் பார்த்ததில், கண்ணாடி முழுவதையும் நிரப்பியே தீரவேண்டும் என்ற ஆசையை விட்டவருக்குத்தான் அவற்றின் சௌந்தரியம் கிட்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டது. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக இயற்றி 1989இல் வெளிவந்து, மறு வருஷம் டாஸ் கணினிகளுக்கும் வந்து சேர்ந்த இந்த ஆட்டத்தில், ஒரு மணி நேரத்துக்குள் நிலவறையிலிருந்து தப்பி ஏறி இளவரசியை மீட்க வேண்டும். கதையைக் காட்டிலும் விசேஷமானது நாயகன் ஓடுகிற ஓட்டம். மெக்னர் தம்முடைய தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோவில் பிடித்து, அந்தப் படங்களை ஆதாரமாகக் கொண்டே இந்த உருவத்தின் அசைவுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். ஆகவே திரையில் நாம் காண்பது நிஜமான ஒரு மனிதனின் உடற்கட்டு; அதன் பிரமாணம் சிறிது பிசகினாலும் கண் உடனே கண்டுகொள்கிறது.

பிசகு நேர்வதற்கும் காரணம் இருக்கிறது. அந்நாளைய விஜிஏ படம் 320க்கு 200 பிக்ஸல். பிக்ஸல் ஒவ்வொன்றும் சதுரம் என்று கொண்டால் இது 16:10 ஆகிறது. ஆனால் பிக்சர் டியூப் வைத்த பழைய மானிட்டர் இந்தப் படத்தை 4:3 சட்டம் முழுவதும் பரப்பிக் காட்டியதால், ஒவ்வொரு பிக்ஸலும் தன் அகலத்தைப்போல் 1.2 மடங்கு உயரமாக நின்றது. ஓவியர்கள் அப்படி நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வரைந்தார்கள். இன்றைய திரையில் பிக்ஸல்கள் சதுரமானவை என்பதால், திருத்தம் ஏதும் செய்யாமல் ஓடவிட்டால் இளவரசன் தன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்து குள்ளனாகிறான். 16:9 முழுவதற்கும் இழுத்துவிட்டாலோ மூன்றில் ஒரு பங்கு பருத்து, தாவும்போது பரிதாபமாக இருக்கிறான். பெரிய சட்டம் கிடைத்தது என்பதற்காகத் தாத்தாவின் போட்டோவை இழுத்து ஒட்டுவார் உண்டா?

பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவசச் செயலியில் இதற்குப் பரிகாரம் ஒரே வரிதான். அதன் கான்ஃபிக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று எழுதினால் போதும். அதன் கிளையாகிய டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் இந்தத் திருத்தம் தானாகவே நடந்துவிடுகிறது. ஆயினும் 1080 வரிசைத் திரையில் ஒரு நுட்பமான குறை மிஞ்சுகிறது. 4:3 சட்டம் இங்கே 1440க்கு 1080 ஆக அமைவதால், பழைய பிக்ஸல் ஒன்று அகலத்தில் நாலரை மடங்கும் உயரத்தில் 5.4 மடங்கும் பெருக வேண்டும். பின்னம் வந்துவிட்டபடியால் சில பிக்ஸல் நான்காகவும் அடுத்தது ஐந்தாகவும் விழுகின்றன. இளவரசன் நின்றுகொண்டிருக்கும் வரை தெரியாத இந்தக் குறை, அவன் ஓடத் தொடங்கியதும் முழங்கால் ஒரு கணம் தடித்து மறுகணம் மெலிவதில் வெளிப்படுகிறது. ஸ்டேஜிங்கில் பழைய திரையின் கிடைக்கோடுகளைப் பாவனை செய்யும் ஷேடரைப் போட்டேன். கோடுகளின் நிழலில் குறை மறைந்ததோடு, சுவரின் செங்கல்லுக்கும் ஒரு மென்மை வந்தது.

அடுத்து, என்ஸெம்பிள் ஸ்டூடியோஸ் 1999இல் தந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இதன் மூலப் பதிப்பு மூன்று அளவுகளையே அறியும்: 800க்கு 600, 1024க்கு 768, 1280க்கு 1024. கடைசி அளவை கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் ‘ஸ்கேலிங் வேண்டாம்’ என்று சொல்லி நடுவில் நிறுத்திவிட்டால், பக்கத்துக்கு 320 பிக்ஸல் கறுப்பு விழுகிறது. மேலும் கீழும் இழப்பு வெறும் 28. பிக்ஸலுக்குப் பிக்ஸல் பொருந்துவதால் வில்லாளியின் நாண்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. ரசிகர்கள் செய்த பேட்ச் ஒன்று திரை முழுவதையும் திறந்துவிடும். உருவங்கள் சிதைவதில்லை, நிலப்பரப்புத்தான் கூடுதலாகத் தென்படும். எனக்கு அதில் ஒரு ஆக்ஷேபம் உண்டு. 800க்கு 600இல் ஆடுகிறவனைக் காட்டிலும் நாலு மடங்குக்கு மேற்பட்ட நிலத்தை ஒரே பார்வையில் காண்பவனுக்கு, காட்டோரத்திலிருந்து பகைவன் பாய்ந்து வரும் திகில் எங்கிருந்து வரும்? சித்திரங்களையெல்லாம் புதிதாக வரைந்து 2019இல் வெளியிட்ட டெஃபினிட்டிவ் எடிஷன் இந்தச் சங்கடங்களைத் தீர்த்துவிட்டது. அதன் 2022ஆம் வருஷத்து விஸ்தரிப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையும் ஆடலாம் என்பது நமக்கு உபரி சந்தோஷம்.

   

இனி விலக்கு. வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 1998இல் வந்ததே ஆனாலும், முப்பரிமாண ஆட்டமாகையால் அதன் உலகம் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு வரையப்படுகிறது. பிரின்ஸின் சித்திரம் சட்டத்தோடு முடிந்துவிட, இங்கே சட்டத்துக்கு அப்பாலும் சுவரும் கதவும் தயாராகக் காத்திருக்கின்றன. வெகு காலம் இந்த ஆட்டம் அகலத் திரையிலும் பக்கவாட்டுப் பார்வையை 90 பாகையிலேயே நிறுத்தி, மேலும் கீழும் வெட்டிவிட்டது. 74 பாகையாக இருக்க வேண்டிய உயரப் பார்வை 59 ஆகச் சுருங்கியதால், பெரிய திரை வாங்கியவன் குறைவாகப் பார்த்தான்! இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2023 நவம்பரில் வால்வ் தந்த அப்டேட், அகலப் பார்வைக்கு ஒரு தேர்வுப் பெட்டியை வைத்து இந்த அநியாயத்தை நீக்கிற்று. அதை டிக் செய்ததும் பக்கப் பார்வை 106 பாகையாக விரிகிறது. தொடக்கத்து ட்ராம் பயணத்தில் இரு பக்கமும் நழுவிப் போகும் பிளாக் மெஸா நிலையம் இன்னும் விஸ்தாரமாகத் தெரிகிறது. ஓரங்களில் உருவங்கள் சிறிது நீள்வதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரின்ஸ் போன்ற பழைய ஆட்டங்களுக்கென்றே புது மானிட்டர் வாங்க நினைப்பவர் 4கே பக்கம் அவசரப்பட்டுப் போகவேண்டாம் என்பது என் சிபாரிசு. 2560க்கு 1440 உள்ள திரையில் 320க்கு 200 படம் ஐந்தும் ஆறுமாகப் பெருகி 1600க்கு 1200 ஆகப் பின்னமின்றி உட்காருகிறது. 640க்கு 480 மும்மடங்காகி உயரம் முழுவதையும் நிறைக்கிறது. 800க்கு 600 இரு மடங்காகிறது. 4கே திரையிலோ, முதலில் சொன்ன படத்தின் அடுத்த சரியான பெருக்கம் 3200க்கு 2400 ஆகி, 2160 வரிசைக்குள் அடங்குவதில்லை.