தோணியேறிய பூனை

கற்பிட்டிக் கரையில் தோணி வெறும் அழகுப் பொருளன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில், மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே வந்திறங்கிய கரை இது. அந்த நினைவோடுதான் லத்விய நாட்டுக் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் சிருஷ்டித்த 'ஃப்ளோ' (2024) என்னும் முழுநீளச் சித்திரப் படத்தை நாம் பார்த்தோம். சித்திரப் படமென்றால் நமக்குப் பெரும் பிரியம், அதை ஒளிப்பானேன்?

வெள்ளம் உலகை விழுங்க, ஒரு பூனை படகேறுகிறது. நாய், லெமூர், கப்பிபரா, நெடுங்கால் வேட்டைப் பறவை ஆகியனவும் வந்து சேர்கின்றன. படத்தில் பேச்சே இல்லை. விலங்கு விலங்காகவே நடக்கிறது. லெமூர் தன் கூடைச் சாமான்களைக் கட்டிக் காக்கும்போது சிரிப்பு வருகிறது. கையில் கிடைத்ததோடு வீட்டைவிட்டு வந்தவர்களைக் கண்ட இக்கரையில் அச்சிரிப்பு நீடிக்காது. பூனைக்காகப் பரிந்து நின்ற பறவையின் சிறகை அதன் கூட்டமே ஒடித்துவிடுகிறது. பிறகு சுக்கான் பிடிப்பதும் அப்பறவைதான். படத்தின் உயிர்நிலை இதுவே.

2014இல் 'கோச்சடையான்' நவீன நுட்பத்தையெல்லாம் ஒரு நட்சத்திரத்தின் முகத்துக்கே அர்ப்பணித்தது. இதுவோ எவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'பிளெண்டர்' மென்பொருளால் உருவாகி, 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது.

ஆயினும் நமக்கு ஒரு வழக்குண்டு. வெள்ளம் ஏன் வந்ததென்று படம் சொல்லவில்லை. மனிதர் விட்டுப்போன வீடுகளும் சிலைகளும் உள்ளன, மனிதரைக் காணோம். பறவையும் ஈற்றில் ஒளியில் கரைந்துவிடுகிறது. கற்பிட்டிக்குத் தோணிகளை அனுப்பியது இயற்கையன்று. துப்பாக்கி ஏந்திய மனிதர். அவர்களும் நம் மொழி பேசியவர்களே.