தந்தியும் கூம்பும்

1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்திலிருந்து வெளிவந்த வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் தடித்த, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள். அறுந்தால் ஒழிய அவற்றை அவர் மாற்றியதில்லை. ஒலிப்பதிவில் பெரும்பாலும் ஆம்ப் கிடையாது. கிட்டாரின் ஒலி நேராக மிக்ஸிங் கன்சோலுக்குள் போனது. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே வேலை செய்தது. அந்த ஒலியைப் பிடிக்கத்தான் இன்றும் பேஸ் வாசிப்பவர்கள் ஏராளமாகச் செலவழிக்கிறார்கள்.

ஜேமர்சனைக் காட்டி, "கருவியில் ஒன்றுமில்லை, எல்லாம் விரலில்தான் இருக்கிறது" என்று முடிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அவருடைய ஒலிப்பாதை குறுகியது, ஆனால் அதில் பழுதான கண்ணி ஒன்றுகூட இல்லை. பிரிசிஷன் பேஸின் பிரிந்த சுருள் பிக்கப் 1957-லேயே முதிர்ந்துவிட்ட வடிவமைப்பு. 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. கன்சோலுக்குப் பின்னால் தங்கள் வேலையை அறிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். மலிவான நெக் வளைந்து, நான்காவது ஃப்ரெட்டில் தந்தி கிறுகிறுக்கும் கருவியைக் கொடுத்து "விரலில்தான் இருக்கிறது" என்று ஒரு மாணவனிடம் சொல்வது அநியாயம். அவன் விரலைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வருடத்தில் கிட்டாரை மூலையில் வைத்துவிடுவான்.

எதிர்ப்பக்கத்துப் பழக்கமோ இன்னும் பரவலானது. கருவி வாங்கிய சில மாதங்களில் பிக்கப் மாறும், பிறகு பிரிட்ஜ், பிறகு விலையுயர்ந்த கேபிள், பெடல்கள், கடைசியாக ஆம்ப். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் எந்த வரிசையில் மாற்றுகிறோம், எதற்காக என்ற கேள்வி எழுவதில்லை. வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. பணம் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் விழுகிறது என்பதே என் குறை.

ஒலி போகும் வழியைக் கவனித்தால் அந்த இடம் தெரிந்துவிடும். விரல் தந்தியை அசைக்கிறது. தந்தியின் அசைவு பிக்கப்பில் மின்சாரமாகிறது. மறுமுனையில் மின்சாரம் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கிறது. கூம்பு காற்றை அசைக்கிறது. இந்த இரு முனைகளிலும்தான் பொருள்கள் உண்மையாகவே நகர்கின்றன. கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடுகள் பிறப்பதும் அங்கேதான். இடையில் இருப்பது வெறும் மின்சாரம். அதைப் பழுதில்லாமல் கடத்துவது எப்போதோ தீர்ந்துபோன, மலிவான வேலை. செலவோ பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் நடக்கிறது.

கேபிளை எடுத்துக்கொள்வோம். கேபிளால் ஒலி மாறவே மாறாது என்று அடித்துச் சொல்பவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். சாதாரண பேஸ் கிட்டாரின் பிக்கப் பேட்டரி இல்லாதது, உயர் மின்மறுப்பு உடையது. அதிலிருந்து புறப்படும் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் இருக்கும். 6 மீட்டர் கேபிள் என்றால் 600. இது பிக்கப்பின் சுருளோடு சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓர் ஒத்ததிர்வு முகட்டை உண்டாக்குகிறது. கேபிள் நீள நீள அந்த முகடு கீழே இறங்கும், ஒலியின் மேல்விளிம்பு கொஞ்சம் மழுங்கும். கட்டைவிரலால் அறைந்து வாசிப்பவருக்கு 3 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழக்கூடும்.

ஆனால் இதன் அளவைப் பாருங்கள். அதே கிட்டாரின் டோன் குமிழை முழுதும் மூடினால் உள்ளே சேரும் மின்தேக்கி பொதுவாக 0.047 மைக்ரோஃபாரட், அதாவது 47,000 பிகோஃபாரட். கேபிளை மாற்றிப் பெறும் நிறமாற்றம், ஏற்கெனவே கருவியில் இருக்கும் ஒரு குமிழின் சிறு திருப்பத்துக்குள் அடங்கிவிடும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போல உள்ளே பேட்டரியும் பிரீஆம்பும் கொண்ட ஆக்டிவ் பேஸ்களில் இந்த வித்தியாசமும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. குறைந்த மின்மறுப்பில் வெளிவரும் ஒலிக்கு மேடையில் வழக்கமாக இழுக்கும் நீளமெல்லாம் ஒரு பொருட்டல்ல.

அப்படியானால் கேபிளில் எதற்குக் காசு கொடுக்கலாம்? அறுந்துபோகாமல் இருப்பதற்கு. ஜாக்கின் கழுத்தில் கம்பி வளைந்து முறியாதபடி இறுக்கமான பிடிப்பு, நெருக்கமாகப் பின்னிய உலோகக் கவசம், மிதித்தால் 'டொக்' என்று கேட்காத உள்ளுறை, கழற்றிச் சரிசெய்யக்கூடிய பிளக். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் பித்தளையும் நிக்கலும் சீக்கிரம் கருக்கின்றன என்பதால் தங்கப்பூச்சுக்கு ஒரு சிறு நியாயம் உண்டு. ஒலிக்காக அல்ல, தொடர்பு கெடாமல் இருக்க. உறையில் அச்சிட்ட அம்புக்குறி, சில கேபிள்களில் கவசம் எந்த முனையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதை "ஒலி ஓடும் திசை" என்று விற்பது பொய். மாறுமின்னோட்டம் இரு பக்கமும் ஓடுவது. சால்டரிங் கற்றுக்கொண்டு நல்ல கம்பியும் நல்ல பிளக்குகளும் வாங்கித் தாங்களே செய்துகொள்பவர்கள் கேபிள் விஷயத்தில் கடையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கேபிளில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் இடையில் போவது ஸ்பீக்கர் கேபிள்: கவசம் இல்லாத, தடித்த இரண்டு கம்பிகள். பார்வைக்கு ஒரே மாதிரி பிளக் இருப்பதால் கிட்டார் கேபிளை அங்கே செருகிவிடுகிறார்கள். அதன் மெல்லிய நடுக்கம்பி அந்த மின்னோட்டத்துக்கு ஆனதல்ல. சூடாகி, உள்ளே ஷார்ட் ஆனால் ஆம்பின் வெளியீட்டுப் பகுதியே போய்விடலாம். ஓம் கணக்கும் இதே வகை. 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் செருகினால் 4 ஓம். 4 ஓம் இரண்டு என்றால் 2. ஆம்பின் முதுகில் "குறைந்தது 4 ஓம்" என்று எழுதியிருந்தால் அது யோசனை அல்ல, எல்லை. வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் செருகாமல் இயக்கவே கூடாது.

இனி கூம்பு. பேஸ் கிட்டாரின் திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ் சுற்றி அதிர்கிறது. ஐந்து தந்திக் கருவியின் பி தந்தி 31-க்கு இறங்கும். இவ்வளவு கீழே காற்றை அசைப்பது எளிதல்ல. ஒரே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போயாக வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி வடிவமைப்பில் பல பத்தாண்டுகளாகப் பேசப்படும் ஒரு விதி இருக்கிறது, ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்குவது. சிறிய பெட்டி, ஆழமான கீழொலி, அதிகத் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். எந்த விளம்பரமும் இந்த விதியை மீறியதில்லை. கையில் தூக்கிப் போகும் பெட்டியில் வானளாவிய வாட் எண்ணைப் போட்டிருந்தால், மூன்றாவதை எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் வாங்குபவரின் வேலை.

வாட் என்ற எண்ணின் மீது நம்மவர்களுக்கு இருக்கும் மயக்கம் என்னை வருத்துகிறது. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். காது அதைக் கொஞ்சம் கூடுதல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில் 94 டெசிபெல் தரும் கேபினெட்டை விட்டு 100 தரும் ஒன்றுக்கு மாறினால், ஆம்பைத் தொடாமலேயே நான்கு மடங்கு சக்தி கூடியதற்குச் சமம். அந்த எண் விவரத்தாளில் சிறிய எழுத்தில் இருக்கும்; வாட் எண்தான் முகப்பில் மின்னும். மேலும் அந்த வாட், சுருள் எரியாமல் தாங்கும் அளவு மட்டுமே. கீழ்ச்சுரங்களில் கூம்பின் நகர்வு அதற்கு வெகு முன்பே எல்லையைத் தொட்டு, ஒலி கரகரக்கத் தொடங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 1969-இல் வந்த அம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வ் ஆம்ப். அதன் துணைக் கேபினெட்டில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. 60 கிலோவுக்கு மேல் எடை. ராக் மேடைகளின் பேஸ் ஒலி என்றால் இன்றும் பலருக்கு அதுதான் அளவுகோல். அந்த மூடிய பெட்டியின் ஒலி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கிவிடும். 41 ஹெர்ட்ஸ் அதிலிருந்து பலவீனமாகத்தான் வருகிறது. யாரும் குறைபட்டதில்லை. ஈ தந்தியின் அடிப்படை அதிர்வைவிட 82 ஹெர்ட்ஸில் இருக்கும் அதன் இரண்டாம் இசையம் பெரும்பாலும் வலுவானது. அடிப்படை வராவிட்டாலும் மேலுள்ள இசையங்களிலிருந்து காது அதைத் தானே கட்டிக்கொள்ளும்.

தமிழ்க் காதுகளுக்கு இது பழக்கமான அனுபவம். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பேஸ் கிட்டாரைப் பாட்டுக்கு இரண்டாவது மெட்டாகவே நடத்தியவர். எண்பதுகளில் அந்த பேஸ் வரிகளை நாம் கேட்டது டேப்ரெக்கார்டரிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும் பேருந்துகளிலும். அவற்றில் எதிலும் 41 ஹெர்ட்ஸ் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த வரிகளை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனவே "எவ்வளவு கீழே இறங்கும்" என்ற கேள்வியைவிட, 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு தெளிவாக, கரகரப்பின்றி நிற்கிறது என்ற கேள்வியே கேபினெட் வாங்கும்போது பயன்படும்.

கேபினெட் வாங்குவதற்கு முன்னால் அறையைப் பாருங்கள். 4 மீட்டர் நீள அறையில் முதல் நிலை அலை 43 ஹெர்ட்ஸ் சுற்றி எழும், கிட்டத்தட்ட ஈ தந்தியின் மேலேயே. அதனால் சில சுரங்கள் முழங்கும், சில காணாமல் போகும். பழியைக் கருவிமீது போட்டுப் புதிய பிக்கப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆம்பை மூலையிலிருந்து ஒரு மீட்டர் நகர்த்திப் பார்க்கக் காசு வேண்டாம்.

மறுமுனையான தந்திப் பக்கத்தில் முதல் செலவு ஒரு நல்ல செட்டப். நெக்கின் வளைவு, தந்தியின் உயரம், சுருதிச் சேர்க்கை, பிக்கப்பின் உயரம். ஈரப்பதம் மாறும்போது மரம் அசையும்; ஏசி அறையில் சரிசெய்த கருவி மழைக்காலத்து மண்டபத்தில் வேறு கருவியாகிவிடும். வருடத்துக்கு இருமுறையாவது இதைப் பார்ப்பவர்களின் மலிவான பேஸ், பார்க்காதவர்களின் விலையுயர்ந்த பேஸைவிட நன்றாகப் பேசும். அடுத்தது தந்தி. ஃப்ளாட்வவுண்டிலிருந்து ரவுண்ட்வவுண்டுக்கோ மறுபடி அங்கேயோ மாறுவது, பிக்கப் மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம். 1966-இல் 'தி ஹூ' குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலின் உதவியோடு ரோட்டோசவுண்ட் நிறுவனம் உருவாக்கிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள், ராக் இசையில் பேஸின் இடத்தையே மாற்றின. அவை தந்த கணகணப்பு தந்தியிலேயே இருந்தது.

பிக்கப் மாற்றுவது வீண் என்று சொல்லமாட்டேன். மோசமாகச் சுற்றிய, ஒரு தந்தி ஓங்கி மறு தந்தி ஒடுங்கும் பிக்கப்புகள் இருக்கின்றன. ஆனால் புதியது பழையதைவிடச் சற்று உரக்க ஒலித்தாலே "தரம் கூடிவிட்டது" என்று காது ஏமாறும். ஒரு டெசிபெல் போதும். உரப்பைச் சமப்படுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பதிவு செய்து கேட்பவர்கள் மிகக் குறைவு. முழுக் கருவியையும் மாற்றத்தான் வேண்டிய நேரமும் வரும்: முறுக்கிக்கொண்ட நெக், தோளை வாட்டும் எடை, ஐந்தாவது தந்தி கேட்கும் இசை. அப்போது தயங்குவதும் தவறு.

மேடையில் வாசிப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னொரு விதமாகத் திரும்புகிறது. மெல்லிசைக் கச்சேரியிலோ தேவாலயத்திலோ கூட்டம் கேட்பது உங்கள் கேபினெட்டை அல்ல. டிஐ பெட்டி வழியாக மிக்ஸருக்குப் போய், பெரிய ஸ்பீக்கர்களில் வருவதைத்தான். மேடைக் கேபினெட் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டுமே. அங்கே பெரிய கேபினெட்டைவிட நல்ல டிஐ பெட்டிக்கும் காதில் மாட்டும் மானிட்டருக்கும் செலவழிப்பது நியாயம். ஹம் வந்தால் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். ஆம்பின் எர்த் பின்னை ஒருபோதும் கழற்றக்கூடாது, அந்த மூன்றாவது கம்பி உயிரைக் காப்பது. கூம்பு இப்படி அரங்கத்துக்காரரின் உடைமையாகிவிடுவதால், அந்த முனையைக் கையாள இருக்கும் வழி, ஒலிச்சோதனைக்கு முன்னதாகவே போய், கிக் டிரம்முக்கும் பேஸுக்கும் 80 ஹெர்ட்ஸ் சுற்றி எப்படி இடம் பிரிக்கிறார் என்று மிக்ஸரில் நிற்பவரிடம் கேட்டு, அதற்கேற்ப டோன் குமிழைத் திருப்பிக்கொள்வதுதான்.