வம்ச வரிசைகளில் ஆயுளும் தலைமுறையும்

ஆதியாகமத்தின் 5ஆம் அதிகாரம் ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறைகளைக் கூறுகிறது. எபிரேயப் பாடத்தின்படி ஆதாம் 930 ஆண்டும் மெத்தூசலா 969 ஆண்டும் வாழ்ந்தனர். இவ்வாண்டுகளைக் கூட்டி உலகின் வயதைக் கணித்தோர் உண்டு. பொய் என்று ஒதுக்கியோரும் உண்டு. இரு சாராரும் அதிகாரத்தைப் பிறப்பு இறப்புப் பதிவேடாகவே கொண்டனர். ஆனால் ஏழாம் தலைமுறையினரான ஏனோக்கின் ஆயுள் 365. நோவாவின் தந்தை லாமேக்கின் ஆயுள் 777. முன்னது சூரிய ஆண்டின் நாட்களை நினைவூட்டுகிறது, பின்னது ஏழின் அடுக்கு. சேத் பிறந்தபோது ஆதாமின் வயது எபிரேயப் பாடத்தில் 130, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. மத்தேயு நற்செய்தியோ வரிசையைப் பதினான்கு பதினான்காக அடுக்கும்போது யோராமுக்குப் பின் வந்த மூன்று அரசர்களை விட்டுவிடுகிறது. கணக்கைவிட அமைப்பே அங்கு முதன்மை.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் தருகிறது. மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும். இவற்றைக் கூட்டித் தமிழின் தொன்மையை நிறுவுவது வலுவான வாதம் ஆகாது. கடைச்சங்கம் இருத்திய பாண்டியர் 49 பேர் என்கிறது அவ்வுரை. புறநானூறு 201இல் கபிலர் இருங்கோவேளுக்குக் கூறும் தலைமுறைகளும் 49 தான்.

கபிலர் அந்த எண்ணைச் சொன்ன இடம் கவனிக்கத்தக்கது. பாரி இறந்தபின் அவன் மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டும் பாடல் அது. துவரையை ஆண்ட வேளிர் வழியில் வந்தவன் நீ என்பது புகழ்ச்சி மட்டுமன்று, மறுக்கவிடாத பிடியும்கூட. அவன் மறுத்தபோது, 202ஆம் பாடலில் அதே குல வரலாறு எச்சரிக்கையாகத் திரும்புகிறது: முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்ததால்தான் அரையம் என்ற ஊர் அழிந்தது என்கிறார்.

இன்றைய ஆயக்குடியை அடுத்த பழனியே ஆவியர் குடியினரின் பொதினி என்பர். அக்குடியில் வந்த பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது புலவர் நால்வர் பாடினர் (புறம் 143-147). அவற்றுள் தலைமுறைக் கணக்கு ஏதும் இல்லை. பெருங்குன்றூர் கிழார் குடிப்பெயரைச் சொல்லி அவனை விளிப்பதோடு நின்றுவிடுகிறார். அவர் கேட்ட பரிசில் பொன்னன்று. அன்றே அவன் தன் மனைவியிடம் புறப்பட வேண்டும் என்பதே.