புறக்கணிக்கப்பட்ட ஊரா, வட சென்னை?

வட சென்னையைப் பற்றிப் பேச எந்தக் கட்சிக்காரர் மேடை ஏறினாலும் முதல் வரி ஒன்றுதான்: இது புறக்கணிக்கப்பட்ட பகுதி. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடியாகப் பெருத்துத் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டமும் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. திட்டத்தை எடைபோடுவதற்கு முன் அந்த வரியை எடைபோட்டாக வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. மணலியில் 1960-களிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. பின்னாளில் அதற்குக் காமராஜர் பெயர். பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். 1,830 மெகாவாட்டோடு நின்று, பிறகு இன்னும் 800 மெகாவாட் சேர்த்துக்கொண்ட வட சென்னை அனல்மின் நிலையம். வல்லூரில் 1,500 மெகாவாட். மீஞ்சூரில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இவ்வளவையும் இறக்கி வைத்த இடத்தைப் புறக்கணித்தார்கள் என்பது, மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவரைப் பார்த்து "பாவம், வேலையே கிடைக்கவில்லை" என்பதைப் போல.

இரண்டாவது நோய்க்கணிப்பு ஒன்றும் உண்டு. அது அதிகாரிகளுக்கும் தலையங்கம் எழுதுகிறவர்களுக்கும் பிடித்தமானது: துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிலக்கரித் துண்டின் பயணத்தைப் பாருங்கள். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டப்படுகிறது. ரயிலில் பாராதீப் துறைமுகம் போகிறது. தமிழக அரசின் பூம்புகார் கப்பல் கழகம் ஏற்பாடு செய்த கப்பலில் ஏறுகிறது. எண்ணூரில், மின்வாரியத்துக்காகவே கட்டப்பட்ட தளத்தில் இறங்குகிறது. அங்கிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேரே அனல்மின் நிலையம். மத்திய அரசுடையவை, மாநில அரசுடையவை என்று அரை டஜன் நிறுவனங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அன்றைக்கே தலைமைச் செயலகம் வரைக்கும் தொலைபேசி அடிக்கும்.

அந்தத் துண்டு எரிந்து முடிந்ததும் கதை மாறுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, சாம்பல். அதைத் தண்ணீரில் குழப்பி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே போகும் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய்கள் துருப்பிடித்து, இணைப்புகளில் பீறிட்டு, ஆற்றில் கொட்டின. சேறும் மணலும் கலந்து கிடந்த ஆற்றுப்படுகையில் சிமென்ட் நிறத்தில் சாம்பல் படிந்தது. ஆள் நிலைக்காத இடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. படகு தரை தட்டியது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் கைக்குச் சாம்பல் வந்தது. மீனவர் ஒருவர் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். தீர்ப்பு வர 2022 ஜூலை ஆயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நிலக்கரியைப் பிசகாமல் கொண்டுவரத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, சில கிலோமீட்டர் குழாயை ஒழுகாமல் வைக்கத் தெரியாது என்று நம்பச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. ஒருங்கிணைப்பு இருக்கிறது, உள்ளே வருவதற்கு. வெளியே போவதற்குத்தான் வேலியும் எல்லையும் தனித்தனிக் கோப்பும்.

2023 டிசம்பர் இதைப் பட்டவர்த்தனமாக்கியது. மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது மணலிச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சிபிசிஎல் நிறுவனம். தடம் ஆலை வளாகத்துக்கே போகிறது என்றது மாசு கட்டுப்பாட்டு வாரியம். தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி கடல் என்றால் கடலோரக் காவல் படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரை என்றால் மாநில அரசு. முகத்துவாரத்திலோ நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. காலையில் ஒருவர் எல்லையில் மிதந்த எண்ணெய் சாயங்காலம் இன்னொருவர் எல்லைக்குப் போய்விடும்.

யார் பொறுப்பு என்று முடிவாவதற்குள், இடுப்பளவு எண்ணெயில் இறங்கிப் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் குப்பத்து மீனவர்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் "மாசு எதுவும் இல்லை" என்றுதான் முதலில் அறிக்கை வந்தது; பிறகு ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் வாளி மக்கானதுதான் முன்னேற்றம்.

நிவாரணக் கணக்கையும் சொல்லிவிடலாம். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கூட்டினால் 8.68 கோடி. எண்ணெய் ஏறிய வலையை மண்ணெண்ணெய் விட்டு அலசினாலும் பிசுக்கு முழுசாகப் போகாது; வலையைத் தூக்கிப் போட்டவருக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு?

அதே 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாய் கசிந்தது. கோரமண்டல் நிறுவனத்தின் குழாய். ஜனங்களை எழுப்பியது சங்கு அல்ல, மூக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஆலைக்கு வெளியே விபத்து பரவினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும் என்று 1989-லிருந்தே விதி இருக்கிறது. அது மாவட்ட நிர்வாகத்தின் அலமாரியைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளே வருவதற்கான ஏற்பாடும் இங்கே தடுமாறியிருக்கிறது. துறைமுகச் சாலைத் திட்டம் பல ஆண்டு இழுத்தது; கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் நெடுக நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன; பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சாலையைக் கடப்பதே ஒரு சாகசம். நியாயமான ஆட்சேபம். ஆனால் அப்போது என்ன செய்தார்கள்? நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு எல்லாம் பங்கு போட்டு அந்தச் சாலைக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார்கள். சரக்கு தேங்கினால் புதிய அமைப்பே பிறக்கிறது. கழிமுகத்துக்கு அப்படி ஒன்று பிறந்ததில்லை. தண்டையார்பேட்டையில் 2013-ல், பாரத் பெட்ரோலியக் குழாய் கசிந்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் எரிபொருள் வாடையோடு தண்ணீர் வந்தபோதும் பிறக்கவில்லை.

இன்னொன்று இதைவிடக் கனமான ஆட்சேபம். ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கும் முறையில் மொத்தச் சுமையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை என்று குறை சொன்னால், ஒருமுறை பார்த்தார்களே என்பார்கள். உண்மைதான். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் தொழில்பகுதிகளுக்கு ஒட்டுமொத்த மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசம், மணலிக்கு 76.32. 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை வந்தது. நான் பார்த்தவரை இந்தப் பகுதியின் நிர்வாகத்தில் எடுத்த மிகச் சரியான அடி அதுதான். ஆனால் செயல்திட்டம் எழுதிக் கொடுத்ததும் தடை விலகியது. எண் குறைந்த பிறகு கதவு திற என்பதற்குப் பதில், குறைப்போம் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆயிற்று. கருவி பழுதில்லை, பிடித்த கைதான் தளர்ந்தது.

நகரத்துக்கு மின்சாரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆலைகளை நாளைக்கே பூட்டு என்பது இந்தக் கட்டுரையின் கட்சி அல்ல. அடையாறு வீடுகளில் ஓடும் ஏசிக்கான சாம்பல் கொசஸ்தலையில் ஏன் விழ வேண்டும், அதைத் தடுக்கும் செலவு மின்கட்டணத்தில் ஏன் ஏறவில்லை என்பதுதான் கேள்வி. மின்சாரம் மலிவு என்று சொல்லப்படும் கணக்கில், மீனவர் இழந்த இறால் எந்தப் பத்தியிலும் இல்லை.

இனி வளர்ச்சித் திட்டம். பேருந்து நிலையம், பள்ளிக் கட்டடம், நூலகம், சமுதாயக் கூடம், குடியிருப்பு, சந்தை. ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்தபோது அந்தப் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போய் வருவது எவ்வளவு இலகுவாயிற்று என்று பார்த்தவர்கள், இத்தகைய செலவை அலங்காரம் என்று தள்ளிவிட மாட்டார்கள். வசதிகளைக் கொடுக்கும் திட்டம் என்ற அளவில் இதற்குத் தேர்ச்சி மதிப்பெண் தாராளமாகவே தரலாம்.

ஆனால் அதைச் செயல்படுத்தும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) ஒரு துறைமுகத்தையோ அனல்மின் நிலையத்தையோ உரக் குழாயையோ நிறுத்தி வைக்கும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் உள்ளவர்களோ இந்தத் திட்டத்தின் மேசையில் இல்லை. எண்ணெயும் அம்மோனியாவும் வந்த மூன்றே மாதத்தில் தொடங்கிய திட்டம், அவை இரண்டும் வந்த வழியைத் தொடவில்லை. நோய்க்கணிப்பு தவறானதால் மருந்தும் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. பகுதியை மேம்படுத்தும் திட்டம் என்ற பெயருக்கு இது தகாது என்பதே என் முடிவு.

பெயருக்குத் தகுதி வர அடுத்த கட்டத்தில் பார்க்க வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. மணலியிலிருந்து காட்டுப்பள்ளி வரை, கழிமுகத்தையும் சேர்த்து, ஒரே மொத்த மதிப்பெண். அது இறங்காமல் எந்த விரிவாக்கத்துக்கும் கையெழுத்து இல்லை. கசிவு நடந்தால் யாருடையது என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல் எடுத்துக் கொடுக்க, ஆலைகளும் துறைமுகங்களும் முன்பணம் கட்டிய நிதி. பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை மீனவர்களே பாடு முறையில் பல தலைமுறையாகப் பிசகில்லாமல் நடத்துகிறார்கள். தண்ணீரில் நிறம் மாறுவதை முதலில் பார்க்கிறவர்களும் அவர்களே. கண்காணிப்புக் குழுவில் அவர்களுக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் சொன்னால் குழாயை மூட வேண்டும் என்ற விதி வேண்டும். இவற்றுக்கு 4,181 கோடியில் சிறு பகுதிகூட ஆகாது. செலவு குறைந்த இந்த வேலையில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. யாரோ ஒருவர் ஓர் அனுமதிக் கோப்பில் "கூடாது" என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.