எள்ளலும் பேதைமையும்

நகை தோன்றும் நிலைக்களங்களெனத் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். இவ்விரண்டும் ஒருங்கமைந்த திரைப்படம், ஸ்டான் லோரலும் ஒலிவர் ஹார்டியும் நடித்து 1933இல் வெளிவந்த ‘பாலைவனப் புதல்வர்’ ஆகும்.

சிக்காகோவிற் கூடும் சங்க மாநாட்டுக்குச் செல்வதாக நண்பர் இருவரும் ஆணையிடுகின்றனர். மனைவியர்க்கஞ்சி, நோய் தீர ஹொனலூலுவுக்குக் கடற்பயணம் போவதாகப் பொய்யுரைத்து மாநாட்டை அடைகின்றனர். செய்திப்படமொன்று அப்பொய்யை வெளிப்படுத்திவிடுகின்றது. சங்கத்தின் போலிப் பெருமிதம் இப்படத்தில் எள்ளப்படுகின்றது. நண்பர்தம் பேதைமையோ அன்புக்குரியதாகின்றது.

சங்கங்களை எள்ளிய இப்படத்தின் பெயராலேயே சுவைஞர் சங்கமொன்று எழுந்தமை முரணன்றோ? 1965இல் மறைந்த லோரலின் இசைவுடன், அவரது வரலாற்றை எழுதிய ஜோன் மக்கேப் முதலியோர் நியூயோர்க்கில் இதனை நிறுவினர். கிளைகள் ‘கூடாரங்கள்’ எனப்படும்; ஒவ்வொன்றும் இவ்விருவர் நடித்த படமொன்றின் பெயரைத் தாங்கும். நிருவாகிகட்கு எவ்வித அதிகாரமும் இல்லையென அதன் யாப்பே விதிக்கின்றது.

இவ்விதியே முரணைத் தீர்க்கின்றது. படம் பிறர்மேல் எய்த எள்ளலைச் சங்கத்தார் தம்மேல் ஏற்றுக்கொண்டனர். கலைஞனைப் போற்றும் மன்றம் தன்னையே போற்றத் தொடங்குமாயின், அவன் எள்ளிய பொருளாகவே அது மாறிவிடும். இவ்வுண்மை நகைச்சுவைச் சங்கங்கட்கு மட்டுமன்றி, இலக்கிய மன்றங்கட்கும் ஒக்கும்.