மின்னல் முரளி: ஊர் வைத்த தீ

சூப்பர் ஹீரோ படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வகையிலேயே ஊறியவர்கள். எந்தக் காட்சி எந்தக் காமிக்ஸிலிருந்து வந்தது, பெயர்கள் ஓடி முடிந்தபின் தலைகாட்டியவன் அடுத்து எந்தப் படத்தில் வருவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்கு அந்தப் பயிற்சி கிடையாது. எப்போதாவது ஒரு படம் பார்க்கும் சாதாரணப் பார்வையாளனாக நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆளுக்குச் சக்தி வந்ததால் இவனைப் பற்றியும் இவன் ஊரைப் பற்றியும் எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது? 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தான் சேர்ந்த படவரிசையில் 22-ஆவது படம். முன்னால் வந்த இருபத்தொன்றையும் பார்க்காதவரை அதன் கண்ணீர்க் காட்சிகள் தொடுவது கடினம். 'மின்னல் முரளி' அப்படி முன்பாடம் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் என் கேள்வியை வைத்து அதை எடைபோடலாம் என்று தோன்றியது.

2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் நேரடியாக வெளியான மலையாளப் படம் இது. தமிழ்க் குரல் சேர்க்கையும் உடனே கிடைத்தது. இயக்கியவர் பேசில் ஜோசப். இதற்கு முன்பு அவர் எடுத்த 'குஞ்ஞிராமாயணம்' (2015), 'கோதா' (2017) இரண்டுமே கிராமத்துக் கூட்டத்தின் சலசலப்பில் உயிர் பெற்ற படங்கள். இதிலும் குறுக்கன்மூலா என்ற கற்பனைக் கிராமம். தொண்ணூறுகளின் காலம். தையற்கடைக்காரன் ஜெய்சனையும் (டொவினோ தாமஸ்) டீக்கடையில் வேலை செய்யும் ஷிபுவையும் (குரு சோமசுந்தரம்) ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவரும் பிழைக்கிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரியான சக்தி வருகிறது.

முதல் பாதியின் நகைச்சுவை சுத்தமானது. சக்தி வந்ததும் ஜெய்சனுக்கு உலகைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் வருவதில்லை. அவனுக்கு அமெரிக்கா போக வேண்டும், கைவிட்டுப் போன காதலியை மறக்க வேண்டும், தன்னை அவமானப்படுத்திய போலீஸ்காரர்களை நாலு சாத்து சாத்த வேண்டும். முகத்தில் துண்டைச் சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் செய்துமுடிக்கிறான். காமிக்ஸ் படிக்கும் அக்கா மகன்தான் அவனுக்குக் குரு. சூப்பர் ஹீரோ என்றால் என்ன என்பதை அந்தப் பொடியன் மாமனுக்கு விளக்கும்போது நமக்கும் சேர்த்தே விளக்கிவிடுகிறான். வகையறியாத பார்வையாளனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. நாயகன் தையற்காரன் என்பதால் அவனுடைய சீருடை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் எழுவதில்லை.

ஆனால் இந்தப் படம் என் மனதில் தங்கியது ஜெய்சனால் அல்ல, ஷிபுவால்.

ஊர் ஷிபுவைப் பைத்தியம் என்றே வைத்திருக்கிறது. அவனுடைய மனதில் இருப்பது ஒரே ஒருத்தி: உஷா (ஷெல்லி கிஷோர்). அவள் வேறொருவனோடு போய், நோயுற்ற மகளோடு திரும்பி வருகிறாள். 28 ஆண்டுகளாக அவன் காத்திருக்கிறான். குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும், கையில் சக்தி இருக்கிறது, வங்கியைக் கொள்ளையடிக்கிறான். ஜெய்சன் தன் சக்தியைப் பழிவாங்கவும் விளையாடவும் செலவழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், வில்லனாகப் போகிறவன்தான் முதலில் இன்னொரு உயிருக்காக அதைப் பயன்படுத்துகிறான். இந்தத் திரைக்கதையின் மிகத் துணிச்சலான முடிவு இது.

உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியை மட்டும் தனியாகப் பேச வேண்டும். கேமரா குரு சோமசுந்தரத்தின் முகத்தை விட்டு விலகாமல் நிற்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்த, எது முதலில் வர வேண்டும் என்று தெரியாமல் அந்த முகம் தவிக்கிறது. இத்தனை வருடங்களில் மகிழ்ச்சியைப் பழகியிராத ஒரு முகத்துக்கு மகிழ்ச்சி வந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் நடிக்கிறார். பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இவ்வளவு ஆசையை ஒரு பெண்ணின் ஒற்றைச் சம்மதத்தில் வைத்தவன், அது பறிபோனால் என்ன செய்வான் என்ற பயம். ஒரே முகத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் வரவைப்பது கூத்துப்பட்டறையில் வளர்ந்த ஒரு நடிகரின் சாதனை. 'ஆரண்ய காண்டம்' (2011) பார்த்தவர்களுக்கு அவரது ஆற்றல் புதிதல்ல. ராஜு முருகனின் 'ஜோக்கர்' (2016) படத்திலும் தன்னை நாட்டின் ஜனாதிபதியாக அறிவித்துக்கொண்டு, ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிய மனிதனாகத்தான் நடித்தார். பித்தன் என்று ஊர் சொல்லிவிட்ட ஒருவனுக்கு உள்ளே ஓடும் தர்க்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டக்கூடியவர்கள் இன்று நம்மிடையே அதிகம் இல்லை.

ஜெய்சனும் ஷிபுவும் எதில் வேறுபடுகிறார்கள்? மின்னல் ஒன்றுதான். காதலில் இருவருக்கும் அடி, ஊரில் இருவருக்கும் அவமானம். ஆனால் ஜெய்சனைச் சிறுவயதில் தையற்காரர் வர்க்கி எடுத்து வளர்த்தார். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஒரு தகப்பனின் கதை அவனுக்குச் சொந்தமாக இருக்கிறது. மாமா என்று கூடவே திரியும் ஒரு சிறுவன் இருக்கிறான். ஷிபுவுக்கு உஷாவைத் தவிர யாருமில்லை. ஒருவன் நாயகனாவதும் இன்னொருவன் அரக்கனாவதும் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்று படம் தன் அமைப்பாலேயே சொல்கிறது. வசனமாகச் சொல்லாமல் சொல்வதால் அது இன்னும் வலுவாக இருக்கிறது.

இந்த இடம்வரை இது மிக உயர்ந்த படம். அதன் பிறகுதான் என் வழக்கு தொடங்குகிறது.

கொள்ளைக்காரன் ஷிபுதான் என்று தெரிந்ததும் ஊரார் அவன் இருப்பிடத்துக்குத் தீ வைக்கிறார்கள். அந்தத் தீயில் உஷா இறந்துபோகிறாள். ஷிபு ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். இதன்பின் படம் பழகிய தடத்தில் ஏறிக்கொள்கிறது: சீருடை, சண்டை, காப்பாற்றப்பட்ட கூட்டம், கைதட்டல். ஷிபு அப்பாவி அல்ல. உஷாவை அடையும் வழியில் அவன் கொடுமைகள் செய்தவன், கொலைக்கும் தயங்காதவன். அவனைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் தீ வைத்த கைகள்? கடைசியில் கைதட்டும் கூட்டத்தில் அந்தக் கைகளும் இருக்கின்றனவே! அதைப் பற்றிப் பேசப் படம் நேரம் ஒதுக்கவில்லை. 2020 மே மாதம் காலடி என்ற ஊரில், பெரியாற்றங்கரையில் இந்தப் படத்துக்காகப் போட்டிருந்த தேவாலயச் செட்டை ஒரு கும்பல் உடைத்துப் போட்டது. கும்பலின் கோபம் என்னவென்று நேரில் அறிந்த ஒரு குழுவின் படம், திரையில் வரும் கும்பலிடம் இவ்வளவு மென்மையாக நடந்துகொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'பிளாக் பாந்தர்' (2018) படத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கும் வில்லனுக்கு நியாயமான குறை உண்டு. அந்த வில்லன் கில்மாங்கரைத் தோற்கடித்த நாயகன் டிசல்லா, அவனுடைய குற்றச்சாட்டை அவனோடு புதைத்துவிடவில்லை. தன் நாடான வகாண்டாவின் கதவுகளை உலகுக்குத் திறக்கிறான். கில்மாங்கர் வளர்ந்த ஓக்லாந்திலேயே ஒரு மையம் தொடங்குகிறான். வில்லன் தோற்றான், அவன் கேள்வி தோற்கவில்லை. 'மின்னல் முரளி'யில் ஷிபுவோடு அவனுடைய கேள்வியும் முடிந்துபோகிறது. ஜெய்சன் ஊரைக் காப்பாற்றுகிறான், ஊரை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தன்னை வெறுத்தவர்களையும் காப்பாற்றுவதுதானே நாயகனின் பெருமை என்று ஒருவர் வாதிடலாம். தகப்பன் வழியில் மகன் நடக்கிறான் என்பதும் கதைக்குள் பொருந்துகிறது. இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் காப்பாற்றுவது வேறு, நடந்ததை நடக்காததுபோல விடுவது வேறு. ஜெய்சன் அந்த வெறுப்பைத் தானும் சுமந்தவன். ஷிபுவுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஊரிலேயே தகுதி உள்ள ஒரே ஆள் அவன்தான். அவன் முகத்தில் அந்தப் புரிதல் ஒரு நொடி தெரிந்திருந்தால்கூட, கடைசிச் சண்டைக்கு வேறு கனம் வந்திருக்கும். இப்போது நாம் இரண்டு பேர் மோதுவதைப் பார்க்கிறோம், ஒருவனுடைய துக்கம் இன்னொருவனுக்குத் தெரியாமலே.

உஷாவின் சாவிலும் எனக்கு மனக்குறை உண்டு. ஷிபுவை முழு வில்லனாக மாற்ற அவள் சாக வேண்டியிருந்தது. அதற்குமேல் அந்தச் சாவுக்குக் கதையில் வேலை இல்லை. 'புரூஸ் லீ' பிஜி (ஃபெமினா ஜார்ஜ்) கராத்தே கற்றுத்தருபவள், கலகலப்பானவள், ஆனாலும் உதவியாளராகவே நின்றுவிடுகிறாள். படத்தின் நீளம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். முதல் பாதியில் சில போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளைக் குறைத்திருந்தால், முடிவில் ஊருக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்திருக்கும்.

ஆக, என் தீர்ப்பு இது. 'மின்னல் முரளி' நல்ல படம். காமிக்ஸ் தெரியாத யாருக்கும் தயங்காமல் சொல்லுவேன். இறக்குமதிச் சரக்காக வந்த ஒரு வகையை, தையற்கடையும் டீக்கடையும் உள்ள மண்ணில் ஊன்றிக் காட்டிய உழைப்பு அதற்கு உண்டு. குரு சோமசுந்தரத்தின் ஷிபு, இந்திய சினிமா தந்த மிகச் சிறந்த வில்லன்களின் வரிசையில் வைக்கத்தக்கவன். ஆனால் அதைப் பெரிய படம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஷிபுவை உருவாக்கியது ஊர்தான் என்று மூன்றில் இரண்டு பங்கு நேரம் பொறுமையாக நிறுவிய படம், கடைசிப் பங்கில் அந்த ஊரை விடுதலை செய்துவிடுகிறது. சண்டை சரியாக வரவில்லை, கிராஃபிக்ஸ் குறைவு என்றால் அடுத்த படத்தில் அதிகப் பணம் போட்டுத் திருத்தலாம். இது பணத்தால் வந்த குறை அல்ல. தான் கண்டுபிடித்த உண்மையின் முன்னால் ஒரு நல்ல இயக்குநர் பின்வாங்கிய இடம்.