தங்கல் வேறு, சந்திப்பு வேறு

திசையன்விளை வட்டாரத்துக்காரர்கள் பிழைப்புக்காக வெளியூர் போவது புதிதல்ல. தேரி மணலில் பனையும் முருங்கையும் தந்த வருமானம் எல்லா வீட்டுக்கும் போதவில்லை. அதனால் சென்னைக்கும் மும்பைக்கும் கடை வைக்கப் போனார்கள், அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போனது. இப்போது அந்த வரிசையில் ஜெர்மனியும் சேர்ந்திருக்கிறது. 2024–25 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டுக் கல்லூரிகளில் படித்த இந்தியர்கள் சுமார் 60,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே முதலிடம். தென்மாவட்டப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கூடப் படித்தவர்களில் ஒருவன் பெர்லினிலும் இன்னொருவன் மியூனிக்கிலும் மூன்றாமவன் பாரிஸிலும் இருந்தால், விடுமுறை விட்டதும் ஒருவர் அறையிலிருந்து அடுத்தவர் அறைக்கு என்று வாரக்கணக்கில் ஐரோப்பாவைச் சுற்றிவிடலாம். விடுதிக் காசு மிச்சம், நண்பனையும் பார்த்தாயிற்று என்ற கணக்கில்தான் இந்தப் பயணங்கள் நடக்கின்றன. நண்பனைப் பார்ப்பது இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி. அவன் அறையிலேயே படுத்துக்கொள்வதுதான் அதைக் கெடுக்கிறது என்பது என் வாதம்.

இந்த வழக்கம் ஏன் பரவியது என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான மாதப் பயணச்சீட்டு 2025இல் 58 யூரோ ஆனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடு முழுக்க வட்டார ரயிலிலும் நகரப் பேருந்திலும் டிராமிலும் ஏறலாம், அதிவேக ரயிலில் மட்டும் முடியாது. இப்படிப் பயணச் செலவு சுருங்கியதும் மிஞ்சுகிற பெரிய செலவு இரவுத் தங்கல்தான். பத்து இரவுகள் நண்பர்கள் அறையில் கழிந்தால் ஒரு மாணவனின் ஒரு மாத வாடகை அளவுக்குக்கூட மிச்சமாகும். காசு மட்டுமல்ல. நவம்பர் மாதம் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில், வாரம் முழுக்க ஜெர்மன் மொழியில் தடுமாறிக்கொண்டிருக்கும் பையனுக்கு, முதலூர் மஸ்கோத் அல்வாப் பொட்டலத்தோடு ஊர்க்காரன் ஒருவன் கதவைத் தட்டுவது சாதாரண விஷயம் இல்லை. வருகிறவனுக்கு ஊர் காட்டக் கிளம்பும்போதுதான் பலர் தாங்கள் இரண்டு வருடம் வாழ்ந்த நகரத்தின் அருங்காட்சியகத்துக்குள்ளேயே நுழைகிறார்கள். இவற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து சதுர மீட்டர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, நடுவே ஒருவர் பாய் விரிக்க இடம். மேசைக்குப் போக வேண்டுமானால் பாயைச் சுருட்ட வேண்டும். சமையலறை மூன்று நாலு பேருக்குப் பொது. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, சுவரில் யார் எந்த வாரம் துடைப்பது என்ற முறைப்பட்டியல். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. தாளித்த வாசனைக்கே முகம் சுளிக்கும் அறைத்தோழர் இருந்தால், விருந்தாளி போன பிறகும் அந்தச் சுளிப்பு அங்கேயே இருக்கும். விசாவுக்காக அந்த மாணவன் முடக்கிய வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டியிருப்பான். மாதம் எடுக்க முடிவது 992 யூரோ. வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். பற்றாக்குறைக்குப் பகுதிநேர வேலை பார்க்கலாம். அதற்கும் ஆண்டுக்கு 140 முழு நாள் என்று வரம்பு உண்டு. விருந்தாளிக்காக ஒரு வேலை நாளை விட்டுக்கொடுத்தால், சேமித்தது ஒருவன், இழந்தது இன்னொருவன். செலவு எங்கும் காணாமல் போகவில்லை, கைதான் மாறியிருக்கிறது.

ஊரிலிருந்து விசா எடுத்து வருகிறவர் என்றால் சுமை இன்னும் கூடும். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம் என்பதால் நீண்ட பயணத்துக்கு அது தோதானது. ஆனால் வருகிறவரிடம் போதிய பணம் இல்லாவிட்டால், ஜெர்மனியில் வேலையில் இருக்கும் நண்பர் அயல்நாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்பு உறுதிமொழி எழுதித் தரும் ஏற்பாடு உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால் விருந்தாளியின் சாப்பாடு, தங்கல் மட்டுமல்ல, அவர் மருத்துவமனையில் படுத்தால் அரசுக்கு ஆகும் செலவும் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். கேட்பவர் இதைச் சின்ன உதவி என்று நினைத்துக் கேட்கிறார். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

இலவசத் தங்கலுக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும் என்பதை நம்முடைய பழைய வியாபாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். மாட்டுவண்டியில் சரக்கோடு வருகிறவர் அங்கே பயமில்லாமல் தங்கலாம். அதை நடத்தியது மகமை, அதாவது ஒவ்வொரு வியாபாரியும் தன் வியாபாரத்திலிருந்து கொடுத்த பங்கு. காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகரத்தார் சத்திரங்கள் எழுந்ததும் இதே அறிவில்தான். சென்னை அண்ணாச்சி கடையில் ஊர்ப் பையன் வந்து படுத்தான் என்றால், விடிந்ததும் அவன் மூட்டை தூக்கினான், பொட்டலம் மடித்தான். வந்து தங்குகிறவனின் செலவை ஒரு தனி வீட்டின் முதுகில் ஏற்றாமல், ஊர்ப்பணத்தாலோ உழைப்பாலோ ஈடுகட்டினார்கள். ஜெர்மனியிலேயே இதற்கு இணை உண்டு. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், நடைப்பயணம் போகும் மாணவர்கள் படுப்பதற்காக 1912இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதியைத் திறந்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் இளைஞர் விடுதிகளுக்கு அதுதான் தொடக்கம். பொதுக்கூடத்தில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் இத்தகைய இடங்களை விட்டுவிட்டு நண்பனின் பாயைத் தேடுவது மரபும் அல்ல, சிக்கனமும் அல்ல.

பயணிக்கு நேரும் இழப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. திசையன்விளைக்குப் பக்கத்து இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல், 1841இல் சென்னையிலிருந்து தெற்கே நடந்தே வந்தவர். நாட்டையும் மக்களையும் மொழியையும் அறிய அதுவே வழி என்று கருதினார். பதினைந்து ஆண்டு கழித்து, 1856இல், திராவிட மொழிகள் பற்றிய அவருடைய ஒப்பிலக்கண நூல் வெளிவந்தது. எல்லாப் பயணிக்கும் அந்த உறுதி வேண்டியதில்லை. ஆனால் பிராகுக்குப் போயும் காலை இட்லி மாவு, மாலை தமிழ்ப்படம், இரவு பழைய வகுப்புக் கதை என்று கழித்துத் திரும்புகிறவர் பிராகைப் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது? விடுதியில் தங்குகிறவன் பக்கத்துக் கட்டில் போலந்துக்காரனிடம் வழி கேட்டாவது பேசியாக வேண்டும்.

விருந்தோம்பல் நம் பண்பாடு, வேண்டாம் என்றால் நண்பன் வருந்துவான் என்பார்கள். “ஏலே, நம்ம ரூம் இருக்கும்போது காசு கொடுத்து எதுக்குல தங்குத?” என்று கேட்பவனின் அன்பு உண்மையானது. அதற்காக, வந்தவன் அந்த அன்பை அளவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. காந்தி 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் வில்நவ் ஊருக்குப் போனது பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைப் பார்க்கத்தான். தங்கியது ரோலந்தின் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு வீட்டில். உடல்நலம் குன்றியிருந்த ரோலந்தோடு அங்கிருந்த நாட்களில் நெடுநேரம் பேசினார். தனியே படுத்ததால் நட்பு குறைந்துபோகவில்லை.

எனக்கு எளிதில் விடை சொல்ல முடியாத ஆட்சேபம் ஏழ்மை பற்றியது. விடுதிக்குக் காசு கொடு என்றால் பனையேறியின் மகன் பாரிஸைப் பார்க்கவே மாட்டான் என்பது நியாயமான கேள்வி. அவனுக்கு முதல் இரண்டு இரவு நண்பனின் அறை கிடைக்கட்டும். அவன் அரிசியும் காய்கறியும் வாங்கிப் போட்டு, சமைத்து, துடைக்கும் முறையையும் ஏற்றுக்கொள்ளட்டும். மூன்றாம் இரவிலிருந்து விடுதி. ஐந்து நகரத்தை மூன்றாகக் குறைத்தால் அந்தக் காசு கிடைத்துவிடும். அதுவும் இயலாதவர்களுக்கு, ஜெர்மன் நகரங்களில் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கும் தமிழ்ச் சங்கங்கள் விழா வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, விடுமுறை மாதங்களில் விடுதிக் கட்டில் நாலைந்தை முன்பதிவு செய்து வைக்கலாம்.